கடல் தாண்டினால்தான் கற்பு வருமா?

சேலம் ஜில்லா என்று ஒரு கட்டம். தாலுகாவுக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். 1860லிருந்து 1911 வரை சென்னையிலும் கல்கத்தாவிலும் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கூலிகளின் பட்டியல் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, திருச்சி, சேலம் என்று நம் ஜில்லாக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. சாதிக் கட்டத்தில் 'பறையர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய பண்டிதர்கள் யாரும் இதை ஒரு பிரதியாக எடுத்து வைத்துப் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. பள்ளுக்கும் குறவஞ்சிக்கும் பதவுரை எழுதியவர்களுக்கு இதற்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

படித்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடைசிக் கட்டம். அடையாளம். முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு, முன்கையில் பச்சை. எழுதிய குமாஸ்தா அழகு பார்த்து எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்கத்தான் எழுதினான். ஆனால் நம் பெண்களின் உடம்பைப் பற்றி நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இவ்வளவு கறாராக எழுதப்பட்ட ஏடு வேறு எங்கே இருக்கிறது? கண்ணுக்கு மான், இடைக்குக் கொடி என்று உவமை வைக்காமல், ஒரு சேரிப் பெண்ணின் காலில் தழும்பு இருக்கிறது என்று எழுதிய எழுத்து அது. அந்தத் தழும்பு கதிரரிவாள் பட்டதா, சாட்டை பட்டதா என்று குமாஸ்தா கேட்கவில்லை. கேட்க வேண்டியது நம் வேலை.

இதே மாதிரிப் பட்டியல் வேறு ஒரு கூட்டத்துக்கும் உண்டு. 1788லிருந்து 1868 வரை இங்கிலாந்தும் அயர்லாந்தும் தங்கள் சிறைகளில் இருந்த சுமார் 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றின. அதில் பெண்கள் ஏறக்குறைய 25,000 பேர். எஜமானியின் துணியைத் திருடிய வேலைக்காரப் பெண், கடையில் நாடாத் துண்டை எடுத்தவள், பசிக்கு எடுத்து வந்தவள் என்று பெரும்பாலும் சில்லறைத் திருட்டுக் கேசுகள்தான். பெண்களை அனுப்புவது 1853ல் நின்றது. அவர்களுக்கும் வயது, ஊர், தொழில், உயரம், தழும்பு, பச்சை எல்லாம் பதியப்பட்டன. வெள்ளைத்தோல் பெண்களின் கையிலும் பச்சை உண்டு. காதலனுடைய பெயரின் முதலெழுத்தைக் குத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்தப் பெண்களை அவர்கள் நாட்டு அதிகாரிகளும் பாதிரிகளும் ஒரே வார்த்தையில் எழுதி முடித்தார்கள்: வேசிகள். பின்னால் வந்த வரலாற்றுக்காரர்களும் நூறு வருடங்களுக்கு மேல் அதையே திருப்பி எழுதினார்கள். 1975ல் ஆன் சம்மர்ஸ் என்ற பெண், அந்த வசையையே தலைப்பில் தூக்கி வைத்து ஒரு புத்தகம் எழுதி, இந்த நாடு பெண்களை வேசி என்றும் கடவுளின் போலீஸ்காரி என்றும் இரண்டே பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறது என்று சொன்னார். 1996ல் டெபோரா ஆக்ஸ்லி அந்தக் கப்பல் பட்டியல்களில் யாரும் பொருட்படுத்தாமல் விட்ட 'தொழில்' கட்டத்தை எண்ணிப் பார்த்தார். சமையல்காரி, பால் கறப்பவள், துணி தைப்பவள், வீட்டு வேலைக்காரி. வேசி என்று எழுதப்பட்டவர்கள் அத்தனை பேரும் கைத்தொழில் தெரிந்த உழைப்பாளிகளாக நின்றார்கள். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய கட்டத்தை ஒரு பெண் வேறு கண்ணால் படித்தாள், அவ்வளவுதான். சிட்னிக்குப் பக்கத்தில் பாராமட்டாவில் 'பெண்கள் தொழிற்சாலை' என்று பெயர் வைத்த சிறை ஒன்று இருந்தது. 1827ல் ரொட்டியைக் குறைத்தார்கள் என்று அந்தப் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தார்கள். தண்டனை என்று தலையை மழித்தால்தான் அவர்களுக்குத் தாங்க முடியாத ஆத்திரம் வருமாம். நம் ஊரில் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இப்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மக்கள் பேச்சில் 'தீவாந்தர சிட்சை' என்று ஒரு சொல் உண்டு. குற்றம் செய்தவனைக் கடலுக்கு அப்பால் தள்ளுவது. சென்னை மாகாணத்துக் கைதிகளை மலாக்காவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், 1858க்குப் பிறகு அந்தமானுக்கும் அப்படித் தள்ளினார்கள். ஆனால் சேலம் ஜில்லாச் சேரியிலிருந்து கப்பலேறிய பெண் என்ன குற்றம் செய்தாள்?

தாது வருசத்துப் பஞ்சம் என்று கிழடுகட்டைகள் சொல்வது 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 67 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 1881ல் அது சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. செத்தவர்கள் போக மற்றவர்கள் போன இடம் எங்கே? கண்டிச்சீமை, நேட்டால், மொரீசியஸ், பர்மா, பினாங்கு. பஞ்ச நிவாரண முகாமில் கல் உடைக்கும் கூலிக்கு, ரிச்சர்ட் டெம்பிள் என்கிற துரை நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அளவைக் குறைத்தார். வயிறு இருந்ததுதான் அந்தப் பெண்ணின் குற்றம். அதோடு பண்ணையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும்.

அந்த வெள்ளைக்காரத் திருடிக்குக்கூட ஒரு வசதி இருந்தது. அவளுக்குத் தண்டனைக் காலம் தெரியும். ஏழு வருடம், பதினாலு வருடம், இல்லாவிட்டால் ஆயுள். நேட்டாலுக்குப் போனவளுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்று ஒரு காகிதமாவது உண்டு. கண்டிக்குப் போனவளுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு இருந்தது துண்டு. கங்காணியின் கூட்டத்துக்கு மொத்தமாக எவ்வளவு கடன் என்று தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தக் கடனை எந்தத் துரை கட்டுகிறானோ அவன் தோட்டத்துக்குக் கூட்டம் முழுவதும் மாற வேண்டும். வழிச்செலவு, கம்பளி, அரிசி, சாவுச் செலவு, சடங்குச் செலவு எல்லாம் கடன். இந்தக் கடனுக்கு முடிவு தேதி கிடையாது. அதற்குமேல் 1865ஆம் வருடத்து 11ஆம் இலக்கச் சட்டம். வேலையை விட்டு ஓடினால் ஜெயில். கைதியாகப் போகாதவளைப் போன இடத்தில் கைதியாக்கிய சட்டம் அது. ரயில் வருவதற்கு முன்னால் கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். காப்பிக் காலத்தில் போனவர்களில் ஆண்களே அதிகம். தேயிலை வந்த பிறகு கொழுந்து எடுக்க வருடம் முழுக்கக் கை தேவைப்பட்டது. அந்தக் கை பெண்ணின் கை. குடும்பம் குடும்பமாகக் கட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் துரைகளின் குடும்பப் பாசம் அல்ல.

இந்தப் பெண் தமிழ் எழுத்துக்குள் எப்படி வந்தாள் என்பதுதான் இங்கே பேச வந்த விஷயம்.

பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட மேடையில் அழுது அழுது பாடுவார்கள். ஃபிஜித் தீவில் வதைபடும் பெண்களுக்காக எழுதியது. சென்னையிலிருந்து ஃபிஜிக்கு 1903லிருந்துதான் கூலிக் கப்பல் போயிற்று. பாரதி உருகியதில் பொய் இல்லை. அதைச் சந்தேகப்படுவது நம் வேலையும் அல்ல. ஆனால் பாட்டில் அந்தப் பெண்கள் யாராக வருகிறார்கள்? 'ஹிந்து' பெண்களாக வருகிறார்கள். அவர்களுடைய வேதனையின் உச்சமாக எது வருகிறது? கற்பு பறிபோவது. கூலி பாதியாக இருந்தது வரவில்லை. நேட்டால் ஒப்பந்தத்தில் பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி, அரிசியிலும் குறைவு. நிறைமாதத்தில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம். அதெல்லாம் பாட்டாவதில்லை. கற்பு பாட்டாகிறது.

நான் கேட்பது ஒரே கேள்விதான். இந்தப் பெண் சேலத்திலோ தஞ்சாவூரிலோ பண்ணையில் இருந்தபோது அவளுக்குக் கற்பு இருந்ததா? களத்து மேட்டில் பண்ணைக்காரன் கையைப் பிடித்து இழுத்தபோது எந்தக் கவிஞனின் நெஞ்சு கொதித்தது? ஃபிஜிக்கு எழுதிய மாதிரி உள்ளூர்ப் பண்ணைக்கு ஒரு பாட்டு அவரிடம் இல்லை. அவரிடம் மட்டுமா, அந்தக் காலத்துத் தேசியக் கவிஞர் யாரிடமும் நான் பார்த்ததில்லை. ஊரில் இருக்கும்வரை அவள் பறைச்சி, சக்கிலிச்சி. தொட்டால் தீட்டு, இருட்டில் தீட்டு இல்லை. கடல் தாண்டி வெள்ளைக்காரன் தொட்ட மறுநிமிடம் அவள் பாரத மாதாவின் மகள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொன்னது. சாஸ்திரக்காரர்களுக்குச் சாதி போயிற்றோ இல்லையோ, நம் பெண்ணுக்குக் கற்பு வந்து சேர்ந்தது!

இது வெறும் கோபத்தில் சொல்வதல்ல. குந்தியின் கேஸைப் பாருங்கள். 1912 ஏப்ரலில் ஃபிஜியில் ரேவாப் பகுதித் தோட்டம் ஒன்றில், குந்தி என்ற இளம்பெண் தன்னைப் பலவந்தப்படுத்த வந்த வெள்ளை மேஸ்திரியிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள். ஓடத்தில் இருந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவள் சொன்னது 1913ல் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' பத்திரிகையில் வந்து நாடு முழுக்கத் தீப்பிடித்தது. ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க நடந்த கிளர்ச்சிக்கு அவள் கொடியானாள். பிற்பாடு வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் அவளுடைய குடியேற்றப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தார். கோரக்பூர் ஜில்லாக்காரி. சாதி, சமார். தோல் வேலை செய்யும் நம்மவள். பத்திரிகைகளில் அவள் சதி சாவித்திரியாக ஊர்வலம் போனபோது இந்தக் கட்டம் யாருக்கும் தேவைப்படவில்லை. அவள் உண்மையிலேயே வீரமாகப் போராடினாள். அந்த வீரத்தைக் கற்பாக மொழிபெயர்த்தவர்கள் மற்றவர்கள். வெள்ளைக்காரன் தன் நாட்டுப் பெண்ணை வேசி என்று எழுதினான். நம் தேசியவாதி நம் பெண்ணைப் பத்தினி என்று எழுதினான். இரண்டிலும் அவள் இடுப்புக்குக் கீழேதான் பார்வை. இரண்டு எழுத்திலும் அவளுக்குக் கை கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1917ல் ஒப்பந்தக் கூலி நின்றது. வெற்றி வெற்றி என்று கொண்டாடினார்கள். கங்காணி முறை நிற்கவில்லை. இலங்கைக்குக் கூலிகள் போவதை இந்திய அரசு தடுத்தது 1939ல்தான். மேலும் இருபது வருடங்களுக்கு மேல் நம் ஜில்லாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டுபோனார்கள். ஒப்பந்தக் கூலியில் எதிரி வெள்ளைக்காரன், பாட்டு எழுதலாம். கங்காணி தமிழன், பெரும்பாலும் குடியானவச் சாதிக்காரன். அவனை எதிர்த்து எழுதினால் 'நம்மவர்' உடைந்துபோகும்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) இந்தக் கணக்கில் வேறு வகை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மருதிக்குச் சாதி உண்டு, சேரி உண்டு, அந்தச் சேரிக்கு எதிரே ஊர் உண்டு. அவள் புருசனை ஜெயிலுக்கு அனுப்பியதும் உள்ளூர் அதிகாரம்தான் என்று கதை தெளிவாகச் சொல்கிறது. தேயிலைத் தோட்டத்துக்குத் தள்ளும் கை எது என்பதை அவர் மறைக்கவில்லை. இலங்கை போகாமலே இவ்வளவு எழுதினார் என்பதும் சாதாரணமில்லை. ஆனால் கதையை மூடி வைத்த பிறகு மருதி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? துரை தொட்டுக் கெடுத்த உடம்பு, அந்த உடம்பில் ஏறிய நோய். விடிகாலை பெரட்டுக்களத்தில் நின்றவள், கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுச் சரிவில் ஏறியவள், நாளுக்கு இத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தவள் ஞாபகத்தில் நிற்பதில்லை. அவர் சாதியைப் பார்த்தார், பசியைப் பார்த்தார். உழைப்பிடம் வந்தபோது இரக்கம் முந்திக்கொண்டது. கேணியில் விழுந்தவளைப் பார்த்து மேலே நின்று அழுகிற கதைசொல்லி அவர். கேணிக்குள் இருந்தவள் நீந்தினாளா என்று அவருக்குத் தெரியாது.

இதைவிட எனக்கு ஒரு டாக்டரின் எழுத்து கிட்டத்தில் இருக்கிறது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' (1969), இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007ல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. நடை சில இடங்களில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கும். அதுதான் அதன் பலம். முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, காய்ச்சலில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குப் பார்க்கிற எழுத்து. வள்ளி கற்பரசி என்பதால் நம் மனதில் நிற்கவில்லை. வருடக் கடைசியில் கணக்கு முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதைப் புரிந்துகொண்டவளாக நிற்கிறாள். 2013ல் 'பரதேசி' என்று சினிமாவாக வந்தபோது இந்தக் கணக்கு கரைந்து கண்ணீர் மிஞ்சியது. சினிமாவுக்கு அது போதும்.

ஆனால் மருதியும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமைக்காரிகள். சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண் எங்கே? ராசிபுரம், பரமத்தி, சேந்தமங்கலம், திருச்செங்கோடு சுற்றிய சேரிகளிலும் சக்கிலி வளவுகளிலும் 'கண்டிக்குப் போன' தலைமுறை இல்லாத தெரு எனக்குத் தெரிந்து குறைவு. நாமக்கல் என்றால் இலக்கியத்தில் ராமலிங்கம் பிள்ளை என்று முடித்துவிடுகிறார்கள். பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' (2000) பண்ணையத்தில் அடகு வைத்த சக்கிலிப் பிள்ளைகளை எழுதியது. ஏன் ஓடினார்கள் என்பதற்கு அந்த நாவலில் பதில் இருக்கிறது. ஓடியவர்கள் அதில் இல்லை. பாமாவின் 'சங்கதி'யில் (1994) கங்காணி பேச்சைக் கேட்டு இலங்கைக்குப் போன புருசன் திரும்பவே இல்லை. பாட்டி தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். தமிழில் தாலியை இப்படிச் சாதாரணமாக, ஒரு பண்டமாகக் கையாண்ட பக்கம் அதற்குமுன் ஏது? அது இங்கே நின்றுபோனவளின் கதை. போனவளின் கதையை அவள் பேரப்பிள்ளைகளில் யாரும் இன்னும் எழுதவில்லை.

நாம் எழுதும்போது என்ன ஆகிறது என்பதையும் பேசிவிட வேண்டும். நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளில் 'அம்மா' பெரிய தெய்வமாகிக்கொண்டிருக்கிறாள். சாணி அள்ளிய அம்மா, நாற்று நட்ட அம்மா, கண்டிக்குப் போன ஆத்தா. அடித்தவன் எப்போதும் ஆண்டை, துரை, கங்காணி. வீட்டுக்குள் அடித்தவனைக் காணோம். ஃபிஜிக்கும் கரீபியத் தீவுகளுக்கும் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று சர்க்கார் விகிதம் வைத்தது. கரும்புக்குக் கை வேண்டும், ஆண்கள் கலகம் பண்ணாமல் இருக்கப் பெண் வேண்டும். பாராமட்டாச் சிறையில் கைதிப் பெண்களை வரிசையில் நிற்க வைத்து ஆண்கள் பொண்டாட்டி தேர்ந்தெடுத்தார்கள். அந்தமானிலும் பெண்கள் ஜெயிலிலிருந்து அப்படியே கட்டிக்கொடுத்தார்கள். கூலி லயங்களில் அப்படி வரிசை இல்லை, ஆனால் பெண்ணுக்காக நடந்த வெட்டும் குத்தும் உண்டு. செத்தவள் பெரும்பாலும் பெண். வெட்டியவன் துரை அல்ல. தேயிலைத் தோட்டத்தில் 1920களின் கடைசியில் குறைந்தபட்சக் கூலி வந்தபோது மலைத்தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சமக்கூலி 1984ல்தான் வந்தது. அதுவரை அதிக நேரம் சரிவில் நின்றவள் குறைவாக வாங்கினாள். அந்தக் குறைந்ததையும் பல தோட்டங்களில் புருசனோ தகப்பனோ போய் வாங்கிக்கொண்டான்.

எங்கள் தெருவில் ஒரு கிழவி இருந்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் தள்ளப்பட்டு, 1970களில் ராமேஸ்வரம் கப்பலில் வந்து இறங்கியவள். தாத்தன் ஊர் என்று இங்கே வந்தாள். கண்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே சனங்கள் உதட்டை ஒரு மாதிரி சுழிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் கைதிக்குப் பிறந்தவர்களிடம் பல காலம் ஒட்டிக்கொண்டிருந்த கறை இருந்ததாமே, அது இங்கேயும் உண்டு. அங்கே இப்போது கைதிப் பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்துப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே நம் ஆட்களே பாட்டியை மறைக்கிறோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நோட்டும் கையுமாக நான் அவளிடம் போய் துரைமார் கொடுமைகளைச் சொல்லு ஆயா என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "தொரையும் அடிச்சான், கங்காணியும் அடிச்சான், எம் புருசனும் அடிச்சான். தொரை அடிச்சத மட்டும் எழுதறதுக்குத்தான் வந்தியா கண்ணு?" அப்புறம் அவளாகவே பேசியது கொழுந்து எடுப்பது பற்றி. இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றின இலை கலந்தால் கணக்கப்பிள்ளை நிறுவையில் வெட்டுவான், மழையில் கூடை கனக்கும், அட்டை ஏறும். விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். எழுபது வயதில் அந்த விரல் பறந்தது. எந்தக் கதையிலும் அந்த வேகத்தை நான் படித்ததில்லை.

மலையகத் தோட்டப் பாட்டுகள் இந்த விஷயத்தில் நம் கதைகளைவிட எவ்வளவோ மேல். சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். அந்தப் பாட்டுகளில் கங்காணிக்கு வசவு உண்டு, துரைக்கு நக்கல் உண்டு, மச்சானோடு சரசம் உண்டு, மாமியாரைத் திட்டுவது உண்டு. பாதை எவ்வளவு தூரம் என்ற புலம்பலும் உண்டு. கற்பு பறிபோச்சே என்று மூக்கைச் சிந்துவது மட்டும் அங்கே முதலிடத்தில் இல்லை. பாடியவளுக்குத் தன் பிரச்சினை எது என்று தெரியும். நாட்டுப்புறவியல் ஆய்வுகள் இவற்றைத் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாட்டு என்று டப்பாவில் அடைத்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டன. இதை இலக்கிய விமர்சனத்துக்குள் கொண்டுவந்து, 'துன்பக்கேணி'க்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் படித்தவர்கள் குறைவு.

பெயர் விஷயமும் இருக்கிறது. 1913 நேட்டால் போராட்டம் என்றால் தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயதில் ஜெயில் காய்ச்சலில் செத்த அந்தப் பெண்ணின் தியாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குச் சிலை உண்டு, பாடம் உண்டு. அந்த நவம்பரில் மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நடந்த அணிவகுப்பில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று கணக்கு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலி, தலைக்கு வருடம் மூன்று பவுண்டு கட்ட வேண்டும். பெண்ணும் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவள் மறுபடி ஒப்பந்தத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் கப்பலேற வேண்டும். நடந்தவர்களில் இரண்டு தாய்மாரின் கைக்குழந்தைகள் வழியில் செத்தன. ஒன்று குளிரில், இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவித் தண்ணீரில். காந்தி தன் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அந்தத் தாய்மார் மனம் தளராமல் மேலே நடந்ததைப் பாராட்டியும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் அவர்களுடைய பெயர் இல்லை. பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நடந்தவள் எந்த ஜில்லாக்காரி, என்ன சாதி, அவளுக்கு அழக்கூட நேரம் கொடுத்தார்களா என்று கேட்கிற கதை ஒன்று எழுதப்பட வேண்டும். அவள் அழுதிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். தளரவில்லை என்று எழுதியது நடக்க வைத்தவரின் எழுத்து.

வெளியே இந்த வேலை தொடங்கிவிட்டது. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கயூத்ரா பகதூர், 1903ல் பீகாரிலிருந்து கர்ப்பத்தோடு தன்னந்தனியாகக் கப்பலேறிய தன் பூட்டியைத் தேடி 'கூலி உமன்' என்ற புத்தகத்தை 2013ல் வெளியிட்டார். ஏன் தனியாகப் போனாள், வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற கேள்விகளை அவர் வெட்கப்படாமல் கேட்கிறார். பதில் கிடைக்காத இடத்தில் பத்தினியாக்கவும் இல்லை, வேறு விதமாக ஆக்கவும் இல்லை. கேள்வியாகவே விட்டிருக்கிறார். அந்தத் துணிச்சல் நமக்கு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். நம் பூட்டி புருசனை விட்டு ஓடியவளாக இருந்தால்? இன்னொருத்தனோடு போனவளாக இருந்தால்? கங்காணியிடம் தானாகவே போய் என்னைக் கூட்டிட்டுப் போ என்று நின்றவளாக இருந்தால்? இளம் எழுத்தாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். ஆயாவை அப்படி எழுத முடியாது தோழர் என்றார்கள். அப்படியென்றால் சாதி இந்துவின் கற்பு அளவுகோலை நாமும் மடியில் கட்டிக்கொண்டுதான் அலைகிறோம்.

பட்டியலையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிலும் பொய் உண்டு. லண்டன் சிறைப் பெண்கள் புனைபெயர் சொல்லித் தப்பப் பார்த்தார்கள். சென்னை டிப்போவிலும் அது நடந்தது. குமாஸ்தா கேட்பான், இவள் சொல்வாள், அவன் எழுதுவான். விதவை கல்யாணமானவள் ஆகலாம். முன்பின் தெரியாத ஒருவன் டிப்போவில் வைத்துப் புருசன் ஆகலாம். சாதிக் கட்டத்தில் வேறு சாதி ஏறலாம். கடலுக்கு அந்தப் பக்கம் போய் நாயுடு என்றும் பிள்ளை என்றும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இங்கிருந்து நாயுடுவாகவும் பிள்ளையாகவும் போனவர்கள் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சேலத்துச் சேரிப் பெண், சர்க்கார் காகிதத்தின் முன்னால் நின்று தன் பெயரையும் ஊரையும் சாதியையும் தானே புதிதாகக் கட்டிச் சொல்கிறாள். வெள்ளைக்காரனின் குமாஸ்தா, பெரும்பாலும் மேல்சாதிக்காரன், தலையைக் குனிந்து அவள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறான். கப்பலேறியவளின் எழுத்தை எங்கிருந்து தொடங்கி வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு, நான் அந்த வரியைத்தான் காட்டுவேன்.